மறு: ஸ்கேனர், ஸ்குவெல்ச் – தமிழில் என்ன?

> வருடி ஏற்கெனவே இருக்கிறதே, முன்னால் 'அலை' சேர்த்தால் போதாதா?

வானொலி அலைவெண்களை (ஃப்ரீக்வென்சி) மாற்றி மாற்றிக் கேட்கும் ஸ்கேனர் கருவிக்கு அலைவருடி என்றே இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் நான் முடிக்க வேண்டியது மாணவர்களுக்கான அதன் கையேட்டில் வரும் பொத்தான் பெயர்கள், சிக்கல் அங்கேதான். ஸ்கேன், செர்ச் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான். நாம் முன்பே நினைவகத்தில் போட்டு வைத்த அலைவெண்களை (கப்பல்களின் அவசர அழைப்புக்கான 156.8 மெகாஹெர்ட்ஸ் போல) ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது ஸ்கேன். விமானிகள் பேசும் பட்டையில் 118-இலிருந்து 137 வரை, குரல் எங்கே இருக்கிறதென்று தெரியாமலே படிப்படியாக ஏறிப் போவது செர்ச். உண்மையில் வருடல் என்பது இரண்டாவதுக்குத்தான் பொருந்தும்! முதலாவது சுற்றிச் சுற்றி வருவது. அதனால் பொத்தான்களுக்கு 'வலம்', 'தேடல்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

ஸ்கேனரை அலைநாடி என்று சொல்லலாம் என்று குறளின் 'நோய்நாடி'யைச் சான்று காட்டிய ஐயாவுக்கு: அங்கே நாடி வினையெச்சம், 'ஆராய்ந்து' என்று பொருள். வருடி, வாங்கியில் இருப்பது வினைமுதற்பொருள் தரும், அதாவது வேலையைச் செய்வதைக் குறிக்கும் இகர விகுதி. வடிவம் ஒன்றுதான், இலக்கணம் வேறு.

> ஸ்குவெல்ச் = இரைச்சலடக்கி

இந்தப் பெயர் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. ஸ்குவெல்ச் இரைச்சலை அடக்குவதே இல்லை. குரலோடு இரைச்சல் கலந்து வந்தால் இரண்டையும் சேர்த்தேதான் வெளியே விடும். நாம் வைத்த அளவுக்குக் கீழே குறிகை (சிக்னல்) இருந்தால் ஒலியை மூடும், மேலே போனால் திறக்கும், அவ்வளவுதான். வலம் வரும்போது எந்த அலைவெண்ணில் நிற்பது என்பதையும் இந்தத் திறப்புதான் கருவிக்குச் சொல்கிறது. அளவைத் தாழ்த்தி வைத்தால் ஆளில்லாத இடத்தில் வெறும் இரைச்சலைக் கேட்டே நின்றுவிடும், ஏற்றி வைத்தால் மெல்லிய குரல்களைத் தாண்டிப் போய்விடும். அடக்கி என்று படித்த மாணவர், குரல் தெளியும் என்று நினைத்து அதைத் திருகிக்கொண்டே இருப்பார்.

ஏரியில் இதே வேலையைச் செய்வது கலிங்கு. கட்டிய உயரத்துக்கு மேலே வந்த நீர்தான் வழியும். ஸ்குவெல்ச்சுக்கு அக்கா சொன்ன மதகு நெருங்கி வருகிறது, ஆனால் மதகை ஆள் திறக்க வேண்டும், கலிங்கில் நீர்மட்டமே முடிவு செய்யும். (கலிங்கம் என்ற ஆடைக்கும் இதற்கும் உறவு தேடியவர்கள் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.) கலிங்கு மாணவர்களுக்குப் புரியாது என்கிறீர்கள். சரி, ஸ்குவெல்ச் மட்டும் புரிகிறதா? இரண்டுக்கும் ஒரு வரி விளக்கம் வேண்டும். கலிங்கு என்றால் அந்த வரியை மறக்க மாட்டார்கள்.

இதுவரை அடக்கிக்கு ஐந்து பேர், மதகுக்கு ஒருவர், கலிங்குக்கு நான் மட்டும். பெரும்பான்மைப்படி இரைச்சலடக்கி என்றே அனுப்புகிறேன். அடிக்குறிப்பில் கலிங்கு இருக்கும், அதை நீக்கச் சொல்லாதீர்கள்.