புரூஸ் லீக்கு டூப் போட்ட யூன் வா நடிகரானது எப்படி?

கேட்டவர்: ரீல்பெட்டி

'என்டர் தி டிராகன்' (1973) படத்தில் வில்லனின் அடியாள் ஓஹாராவைப் பின்பல்டி அடித்தபடியே லீ உதைக்கும் ஷாட் இருக்கிறதே, அது லீ செய்தது இல்லை, யூன் வா என்ற டூப் செய்தது என்கிறார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. லீ மாதிரி ஒருவருக்கு எதற்கு டூப்? 'குங் ஃபூ ஹஸில்' படத்தில் வீட்டுச் சொந்தக்காரராக வருகிறவரும் இவர்தானா? ஆம் என்றால் நடுவில் முப்பது வருஷம் எங்கே போனார்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: ஃபிரேம்24

'குங் ஃபூ ஹஸில்' வீட்டுச் சொந்தக்காரர் அவரேதான். டூப் எதற்கு என்றால், லீ கற்றது விங் சுன். இரண்டு காலும் தரையில் ஊன்றி, கிட்டத்தில் நின்று அடிக்கும் கலை அது. பிறகு குத்துச்சண்டையிலிருந்தும் வாள்சண்டையிலிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டார். இவை எதிலும் பல்டிக்கு இடமில்லை. அவருடைய வேகமும் உதையும் நூற்றுக்கு நூறு அவருடையவை. படத்தின் ஆரம்பத்தில் நடிகர் சம்மோ ஹங்குடன் மோதும் காட்சியில் வரும் கரணங்களும் இந்தப் பின்பல்டியும் மட்டும் யூன் வா.

வெறும் பின்பல்டியை விட உதையோடு சேர்ந்த பல்டி ரொம்பக் கஷ்டம். காரணம் இதுதான். சாதாரண பல்டியில் முழங்காலை மார்போடு இழுத்து உடம்பைச் சுருட்டிவிடலாம், சுற்று தானாக வேகமாகும். உதைக்க வேண்டுமானால் ஒரு காலை நீட்டியே ஆக வேண்டும். கால் நீண்டதும் சுற்று மந்தமாகிவிடும். அந்த நேரத்தை உயரத்தால்தான் ஈடுகட்ட முடியும், அதனால் முதலில் நேர் மேலே எம்ப வேண்டும், பிறகுதான் பின்னால் போக வேண்டும். பழகாதவர் செய்யும் தப்பு, காலைத் தரையிலிருந்து எடுப்பதற்கு முன்பே தலையைப் பின்னால் வீசுவது. அப்படிச் செய்தால் உயரம் போய்விடும், உடம்பு பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், கழுத்தில் வந்து இறங்கும்.

டூப்பைக் கண்டுபிடிக்க முகத்தைத் தேடாதீர்கள், முகத்தை மறைக்கத்தான் கேமராவை அங்கே வைத்திருக்கிறார்கள். கட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். லீயின் முகம், கட், அகலமான ஷாட்டில் பல்டி, காலூன்றியதும் கட், மறுபடி லீயின் முகம். அடுத்தது தோள். லீயின் முதுகு அக்குளுக்குக் கீழே விசிறி மாதிரி விரியும், யூன் வாவின் உடம்பு அதைவிட ஒல்லி. சட்டை இல்லாத காட்சிகளில் இந்த வித்தியாசம் சட்டென்று தெரியும்.

பதில்: சீனக்கூத்து

அவர் வந்த பள்ளியைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். ஹாங்காங்கில் யூ ஜிம்-யூன் நடத்திய பீக்கிங் ஓபரா (பாட்டும் நடிப்பும் பல்டியும் கலந்த சீன மேடைக்கூத்து) பள்ளி அது. சம்மோ ஹங், ஜாக்கி சான், யூன் பியாவ், கோரி யூன் எல்லாரும் அங்கே படித்தவர்கள்தான். ஆசிரியர் பெயரில் உள்ள 'யூன்' என்ற எழுத்தைத்தான் மாணவர்கள் மேடைப்பெயராக வைத்துக்கொண்டார்கள், அண்ணன் தம்பி உறவு எதுவும் இல்லை. சண்டை இயக்குநர் யூன் வூ-பிங்கையும் பலர் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது தப்பு. அவருடையது பிறப்பிலேயே வந்த குடும்பப்பெயர், சீன எழுத்தே வேறு.

பயிற்சி என்றால் சுவரில் கால் சாய்த்துக் கைகளில் நீண்ட நேரம் தலைகீழாக நிற்பது, காலை இருபக்கமும் விரித்துத் தரையோடு உட்காருவது, பல்டி, ஆயுதம், அதோடு பாட்டும் முகபாவமும். இந்தப் பிள்ளைகள் வளர்ந்து வெளியே வந்தபோது ஓபரா பார்க்க ஆள் குறைந்துபோயிருந்தது. ஸ்டூடியோக்களுக்கோ விழவும் பறக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அப்படி ஒரு தலைமுறையே ஃபைட்டர்களாகச் சினிமாவுக்குள் வந்தது.

பாட்டும் முகபாவமும் சேர்த்துப் படித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. யூன் வா பிற்காலத்தில் நடிகராக நின்றது அதனால்தான்.

பதில்: பழையபிரிண்ட்

முப்பது வருஷக் கணக்குக்கு வருகிறேன். 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' (1972) படத்தில் லீயின் பல்டிகளுக்கு டூப்பும் இவர், பூங்கா வாசலில் லீயை நாய் மாதிரி தவழ்ந்து வரச் சொல்லும் ஜப்பானியரும் இவர். ஒரே படத்தில் இரண்டு வேலை.

1973 ஜூலை 20 அன்று லீ இறந்தார். அதன் பிறகும் இவர் பல வருஷம் ஃபைட்டராகவே ஓட்டினார். எண்பதுகளின் பிற்பகுதியில்தான் கதவு திறந்தது, திறந்தவர் பள்ளித் தோழர் சம்மோ ஹங். 'ஈஸ்டர்ன் காண்டோர்ஸ்' (1987) படத்தில் இளித்துக்கொண்டே வரும் வியட்நாம் ஜெனரல் வேடம். கண்ணாடியும் விசிறியுமாக ஒரு நோஞ்சான் மாதிரி நிற்பார், காலைத் தூக்கியதும் ஆள் மாறிவிடுவார். 'டிராகன்ஸ் ஃபாரெவர்' (1988) படத்தில் சுருட்டுப் பிடிக்கும் வில்லன், எதிரில் சம்மோ, ஜாக்கி, யூன் பியாவ் மூவரும். 'தி ஐஸ்மேன் கமெத்' (1989) படத்தில் யூன் பியாவுக்கு நேர் எதிரி. என் கணிப்பில் இந்த மூன்று படங்கள்தான் அவருடைய உச்சம். சண்டைக்கு நடுவிலும் பாத்திரத்தின் சேட்டையை விடவே மாட்டார்.

பிறகு தொலைக்காட்சித் தொடர்களிலும் நிறைய வந்தார். 'குங் ஃபூ ஹஸில்' (2004) சிறந்த துணை நடிகருக்கான ஹாங்காங் திரைப்பட விருதை வாங்கிக் கொடுத்தது. அதில் அவருக்கு மனைவியாக வரும் யூன் சியூவும் அதே பள்ளி. 2021-இல் 'ஷாங்-சி' படத்தில் குவாங் போ என்ற ஆசானாக வந்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

ரீல்பெட்டி:

மிக்க நன்றி. ஒரு சின்னக் கேள்வி. உயரத்திலிருந்து விழும் காட்சிகளுக்கு அந்தக் காலத்தில் கீழே என்ன போட்டார்கள்? ஏர்பேக் இருந்ததா?

பதில்: ஃபிரேம்24

பெரும்பாலும் காலி அட்டைப்பெட்டி, மேலே மெத்தை. சாதாரணமாகத் தெரிந்தாலும் கணக்கு நுணுக்கமானது. விழுகிற வேகத்தைத் தின்பது பெட்டியின் சுவர் மடங்குவதுதான். அதனால் ஓரங்களை இறுக்கி டேப் ஒட்டக் கூடாது, காற்று வெளியேற வழி வேண்டும். அடைத்து ஒட்டிய பெட்டி மடங்காது, ஆளைத் திருப்பி எறியும். ஒரே அளவுப் பெட்டிகளை அடுக்கடுக்காக வைத்து, மொத்தக் குவியலையும் வெளிப்பக்கம் கயிற்றால் சுற்றிக் கட்டுவார்கள். கட்டாவிட்டால் விழுந்த வேகத்தில் பெட்டிகள் பக்கவாட்டில் சரிந்து, ஆள் நடுவே தரைவரை போய்விடுவார். உயரம் கூடக்கூட அடுக்கும் கூடும்.

இறங்குவது முதுகில், தாடை மார்போடு ஒட்டியிருக்க, கை இரண்டும் விரிந்திருக்க. காலில் இறங்கினால் கணுக்கால் திரும்பும், முழங்கால் வந்து முகத்தில் இடிக்கும்.

வேகம் பற்றியும் ஒன்று. சண்டைக்கு ஹாங்காங்கில் கேமராவை விநாடிக்கு 24-க்குப் பதில் 22 அல்லது 20 ஃபிரேமில் ஓட்டுவது வழக்கம், திரையில் அடி வேகமாகத் தெரியும். விழும் ஷாட்டில் அதைச் செய்தால் ஆள் கல் மாதிரி சடாரென்று இறங்குவார், எடை பொய்யாகிவிடும். அதனால் விழுவதைச் சரியான வேகத்திலோ ஸ்லோமோஷனிலோ எடுப்பதுதான் நல்லது.

இரண்டாவது டேக் என்றால் நசுங்கிய பெட்டிகளை மாற்றியே ஆக வேண்டும். ஒரு தடவை மடிந்த அட்டை மறுபடி தாங்காது. ஈரம் பட்டதும் அப்படித்தான்.