தலைமை சரியில்லாத நேரத்தில் நாம் என்ன செய்யலாம்? யோசனை தேவை

வணக்கம். ஆறு மாதமாக என் வழக்கம் இதுதான்: காலையில் செய்தி, உடனே கோபம், நாலு பேருக்கு ஃபார்வர்டு. ஆள்பவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். எனக்குத்தான் தூக்கம் போனது.

சமீபத்தில் போலந்து பற்றிப் படித்தேன். 1976-இல் விலையேற்றத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை அரசு சிறையில் தள்ளியது. எழுத்தாளர்களும் அறிஞர்களும் சிலர் சேர்ந்து தொழிலாளர் பாதுகாப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். வழக்கறிஞர் ஏற்பாடு செய்தார்கள், குடும்பங்களுக்குப் பணம் திரட்டினார்கள், விசாரணை நாளில் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தார்கள். 1980-இல் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் எழுந்தபோது அவர்களில் பலர் அதற்குத் துணை நின்றார்கள்.

அந்தத் துணிச்சல் எனக்குக் கிடையாது. வாரத்தில் நாலு மணி நேரம் இருக்கிறது. கணக்கு வரும், மனு எழுத வரும். உள்ளாட்சி பட்ஜெட்டைப் படித்து மக்களுக்குப் புரியும்படி சொல்லலாமா? வயதானவர்களுக்கு அரசுப் படிவம் நிரப்பித் தரலாமா? (முன்பு ஒரு தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். மூன்றே வாரத்தில் வாட்ஸ்அப் சண்டையில் கலைந்தது.)

இப்படி ஏதாவது ஒரு வருடமாவது விடாமல் செய்தவர்கள் சொல்லுங்களேன். எத்தனை பேரோடு ஆரம்பித்தீர்கள்? எங்கே சலித்தது? கட்சிச் சண்டை மட்டும் இங்கே வேண்டாம், ப்ளீஸ்.