ஊற்றுக்கு மேலே ஒரு கறுப்புக் குழாய்: கஞ்சாச் சேனையும் குடிநீரும்

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற நீர்வழங்கல் தொழில்நுட்ப உத்தியோகத்தர்:

கஞ்சாச் செய்கையைப் பற்றிப் பேசும்போது போதை, வழக்கு, சிறை என்ற மூன்றுடன் பேச்சு நின்றுவிடுகிறது. அது குடிநீரை என்ன செய்கிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன். கொழும்பில் இருக்கும் நமக்கு நீர் பெரும்பாலும் களனி கங்கையிலிருந்து அம்பத்தளை வழியாகச் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. அது எங்கிருந்து புறப்பட்டது என்று யோசிக்க வேண்டிய தேவை நமக்கு அநேகமாக வருவதில்லை. மொனராகலை மாவட்டத்தில், வெல்லவாயவுக்கு மேலேயுள்ள மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நிலைமை வேறு. அங்கே ஓர் ஊற்று, அதன் வாயில் கட்டிய சிறு தொட்டி, அதிலிருந்து இறங்கும் குழாய், கீழே நாற்பது வீடுகள். மோட்டரும் இல்லை, மருந்து கலப்பதும் இல்லை.

2012 ஓகஸ்ட் மாதம், அந்தத் தொட்டி நிரம்பவில்லை என்று செய்தி வந்து நான் போனேன். வறண்ட மாதம்தானே, ஊற்றுச் சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் முந்தைய ஆண்டு இதே மாதத்தில் இருபது லீற்றர் வாளி நாற்பது விநாடியில் நிரம்பியதாக என் குறிப்பேட்டில் எழுதியிருந்தது. இப்போது அதே வாளி நிரம்ப மூன்று நிமிடம் எடுத்தது. அந்த ஆண்டு ஏனைய ஊற்றுகள் அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கவில்லை. ஊரின் முதியவர் ஒருவர், "மாத்தயா, மேலே போய்ப் பார்ப்போம், ஆனால் நான் முன்னால் நடக்கிறேன்" என்றார். காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைகளின் ஓரத்தில், கம்பியில் கால் பட்டால் வெடிக்கும் கட்டுத்துவக்கு வைத்திருப்பார்கள் என்பதால், அவர் நீண்ட கம்பொன்றால் புதர்களைத் தட்டித் தட்டி நடக்க, அவர் கால் வைத்த இடத்திலேயே நானும் கால் வைத்து ஏறினேன்.

முக்கால் மணி நேரம் ஏறிய பின், ஓடையின் குறுக்கே மணல் நிரப்பிய உரப்பைகளால் கட்டிய சிறிய அணை ஒன்று தெரிந்தது. அதிலிருந்து அரை அங்குலக் கறுப்புக் குழாய் ஒன்று இலைச்சருகுக்கு அடியில் ஓடியது. பொருத்துகளைச் சைக்கிள் ரியூப்பின் நாடாவால் இறுகச் சுற்றியிருந்தார்கள். நான் எதிர்பாராதது அணைக்குள் இருந்தது. யூரியாப் பை ஒன்று வாய் கட்டப்பட்டு, பாதி கரைந்த நிலையில் அந்தத் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. பசளையைத் தனியாகக் கரைத்து ஊற்றும் வேலையை மிச்சப்படுத்தக் குட்டையையே கரைசல் தொட்டியாக மாற்றியிருந்தார்கள். கரையில் பூச்சிநாசினிப் போத்தல்கள் இரண்டு, மூடி இல்லாமல் கிடந்தன. அணையைத் தாண்டிக் கசிந்த நீர்தான் கீழே அந்த நாற்பது வீடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஊற்றுத் தொட்டியின் வாயில் வழுவழுவென்று பச்சைப் பாசி படர்ந்திருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பத்தரமுல்லை, சூழலியல் விரிவுரையாளர்:

ஐயா எழுதியதைப் படித்தபோது எனக்கு வட கலிபோர்னியாவே நினைவுக்கு வந்தது. முதுகலைப் படிப்புக்காக நான் அங்கே இருந்தேன். ஹம்போல்ட், மென்டோசினோ, டிரினிட்டி ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்து மரகத முக்கோணம் என்பார்கள். அங்கே கோடையில் மழை பெய்வதே அரிது. கஞ்சாவுக்கு அதிக நீர் வேண்டிய மாதங்களும் ஓடைகள் மெலிந்து கிடக்கும் மாதங்களும் ஒன்றே. 2015இல் வெளியான ஆய்வொன்று நான்கு நீரேந்துப் பகுதிகளை எடுத்து, வான்படங்களில் செடிகளை எண்ணி, ஒரு செடிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 22.7 லீற்றர் என்று கணக்கிட்டது. அவற்றில் மூன்றில், கடும் வறட்சிக் காலத்தில் ஓடையில் ஓடும் நீரை விடச் செடிகளின் தேவை அதிகமாகிவிடக்கூடும் என்பது அதன் முடிவு. கோஹோ சால்மன் மீன் குஞ்சுகள் கோடையைக் கழிக்கும் குளிர்ந்த மடுக்கள் அந்த ஓடைகளில்தான் இருக்கின்றன.

ஐயாவின் வாளிக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். நாற்பது விநாடிக்கு இருபது லீற்றர் என்றால் நாளொன்றுக்கு 43,200 லீற்றர். மூன்று நிமிடம் என்றால் 9,600 லீற்றர். காணாமற்போன 33,600 லீற்றரைக் கலிபோர்னியக் கணக்கால் வகுத்தால் ஏறத்தாழ 1,480 செடிகள் வருகின்றன. அந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். மண், வெயில், செடியின் பருமன் எல்லாம் வேறு. ஒரு சிறு சேனை போதும் ஓர் ஊரின் நீரை விழுங்க என்பதைக் காட்டவே அதைச் சொல்கிறேன்.

அங்கே ஒரு நாள், கைவிடப்பட்ட தோட்டமொன்றைத் துப்புரவு செய்யும் தொண்டர்களுடன் காட்டுக்குள் போயிருந்தேன். குழாயைச் சுருட்டுவதிலேயே அரை நாள் போய்விட்டது. ஒரு மரத்தடியில் முத்திரை கிழிந்த புட்டி ஒன்றைக் கண்டு குனிந்தபோது, வழிநடத்தியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அமெரிக்காவில் உணவுப் பயிர்களுக்கான அனுமதி 2009இல் நீக்கப்பட்ட கார்போபியூரான் என்ற நச்சுப் பூச்சிநாசினி இப்படிப்பட்ட இடங்களில் மீண்டும் மீண்டும் அகப்பட்டிருக்கிறது. கையுறை இருந்தாலும் தொட வேண்டாம் என்றார்.

கொட்டாஞ்சேனை, நாட்டு மருந்துக்கடை நடத்துபவர்:

இருவரும் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழியைச் செடியின் தலையில் போடுவதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அது எங்கள் மருத்துவத்தில் நெடுங்காலமாக இடம்பெற்ற மூலிகை. நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்கு ஓடையில் மோட்டர் வைத்து இறைக்கிறார்கள், பசளையையும் தாராளமாகக் கொட்டுகிறார்கள். கலிபோர்னியாவில் பாதாமுக்குப் போகும் நீரோடு ஒப்பிட்டால் கஞ்சாவுக்குப் போவது எம்மாத்திரம்? யூரியாப் பையைக் குட்டையில் போட்ட ஆள் அங்கே கத்தரிக்காய் நட்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

பத்தரமுல்லை:

அண்ணா, மொத்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கத்தரிக்காய்க்காரன் ஊற்றுக்கு மேலே ஏற மாட்டான். வீதி ஓரத்தில், லொறி வரும் இடத்தில், ஆற்றின் அடிப்பகுதியில் நடுவான். அங்கே பத்தாயிரம் லீற்றர் எடுத்தாலும் ஆறு தாங்கும். ஒளிந்து நடுபவன்தான் யாரும் போகாத மலைத்தலைக்குப் போகிறான், அங்கேதான் ஓடை ஒரு கையகலம். செடியைவிட ஒளிவே இங்கே பெரிய கேடு என்பது என் எண்ணம். கலிபோர்னியாவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்குப் பின் அனுமதி முறை வந்தது. அனுமதி பெற்றவர்கள் ஏப்ரல் முதல் ஒக்டோபர் இறுதி வரை ஓடையில் நீர் எடுக்கக் கூடாது, மாரியில் சேமித்து வைத்தே பாவிக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பலர் கிணற்றுக்கு மாறினார்கள். ஓடைக்குப் பக்கத்தில் தோண்டிய கிணறும் கடைசியில் அந்த ஓடையைத்தான் உறிஞ்சும். இங்கும் 2025இல் ஏற்றுமதிக்கென வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பயிரிட வழி திறந்திருக்கிறார்கள். வேலி, காவல், உரிமம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நீர் எங்கிருந்து என்ற கேள்வி அதே சத்தத்துடன் என் காதில் விழவில்லை.

வெள்ளவத்தை:

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இறங்கி வந்து அறிவித்த சில நாட்களில் சுற்றிவளைப்பு நடந்தது. செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள், எண்ணிக்கை எழுதிக்கொண்டார்கள், போனார்கள். அணை, குழாய், போத்தல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. வழக்குக்கு வேண்டியது செடி மட்டுமே போலும். மணற்பைகளை நானும் அந்த முதியவரும் இழுத்துப் போட்டோம். குழாயைத் தொட மட்டும் ஊரில் யாரும் துணியவில்லை. தொட்டால் தங்கள் பேரில் வழக்கு வரும் என்ற பயம். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் மீண்டும் தொட்டி வற்றியது, அதே குழாயால்.

இரண்டாம் முறை நான் கடிதமொன்று எழுதி, கிராம சேவகரிடம் கையொப்பம் வாங்கி, அந்தக் குழாய் முழுவதையும் சுருட்டிக் கீழே கொண்டுவரச் செய்தேன். முந்நூறு மீற்றருக்கு மேல் இருந்தது. அதைக் கழுவி, பாடசாலைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சக் கொடுத்தோம். குடிநீருக்கு வேண்டாம் என்று சொல்லியே கொடுத்தேன். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் போனபோது சைக்கிள் ரியூப் சுற்றிய பொருத்தொன்றில் நீர் கசிந்துகொண்டிருந்தது, அதற்குக் கீழே வாழைக்கன்று ஒன்று நன்றாக வளர்ந்திருந்தது.