புதுப்பிப்பு: ஓலெட் ரீவியில் பதிந்த செய்திப் பட்டி, பாதி போய்விட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: கிளிநொச்சி வீட்டில் 3 வருடப் பழைய ஓலெட் ரீவி (OLED, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை), அம்மா நாள் முழுக்கப் பார்க்கும் செய்திச் சனலின் இலச்சினையும் கீழே ஓடும் சிவப்புப் பட்டியும் நிழலாக நிற்கின்றன என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "பிளக்கைக் கழற்றாதேங்கோ அண்ணை" என்று ஒரு தம்பி எழுதியதுதான். இடிமின்னலுக்குப் பயந்து ஒவ்வொரு இரவும் சுவர் சுவிட்சையே அணைத்து வந்தோம். இந்த ரீவி மொத்தமாக 4 மணித்தியாலமளவு ஓடிய பின், ரிமோட்டால் அணைத்ததும் தானாகவே பிக்சல்களை, அதாவது திரையின் சிறு ஒளிப்புள்ளிகளை, சரிபார்த்துச் சீராக்கும். அதற்குக் கரண்ட் வேண்டுமே! எங்கள் வீட்டில் அது நடந்ததே இல்லைப் போல.

இரண்டு கிழமை ரிமோட்டால் மட்டும் அணைத்தோம். மெனுவிலுள்ள நீண்ட பிக்சல் புதுப்பிப்பையும் ஒருமுறை ஓடவிட்டேன். ஒரு மணித்தியாலம் போனது. இலச்சினை மறைந்துவிட்டது. பட்டி மட்டும் சாம்பல் நிறத் திரையில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அது தேய்மானம், இனித் திரும்பாது. நீண்ட ஓட்டத்தை அடிக்கடி செய்யவும் கூடாது, அதுவும் திரையைத் தேய்க்கும்.

எதிர்பாராதது: திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன், அம்மா கவனிக்கவேயில்லை. இடி முழங்கும் நாளில் மட்டும் பிளக்கை இப்போதும் கழற்றுகிறோம்.