விரல் ரத்தத்தில் 7.1, லேபில் 8.0: எதை நம்புவது?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயது, 12 வருடமாக சுகர். போன வாரம் எங்கள் ஊர் கிளினிக்கில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சின்ன மெஷினில் வைத்து, சில நிமிடத்திலேயே ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) 7.1 என்றார்கள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அன்று மாலையே வீட்டுக்கு மைசூர்பாகு வந்துவிட்டது! மூன்று நாள் கழித்து லேபில் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் 8.0. சராசரி சர்க்கரையாக மாற்றினால் 157 எங்கே, 183 எங்கே? மாத்திரையைக் கூட்டுவதா வேண்டாமா என்பதே இதில்தான் இருக்கிறது.

வீட்டு குளுக்கோமீட்டர் முன்பின் காட்டுவது புரிகிறது. அந்த மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197-ஏ, சர்க்கரை 100க்கு மேல் போனால் 15 சதவீத வித்தியாசம் வரை ஏற்றுக்கொள்கிறது. சாப்பிட்டதும் விரல் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடவே இருக்கும். ஆனால் ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதக் கணக்கு, மூன்று நாளில் இப்படி ஏறாதே?

அம்மாவுக்கு ரத்தசோகை வேறு, ஹீமோகுளோபின் 9.4. இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சியைக் கூட்டிக் காட்டும் என்பார்கள். அப்படியானால் இரண்டு எண்ணுமே சந்தேகம்தானா?

லேபில் வேலை பார்ப்பவர்கள், டாக்டர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மெஷினைச் சரிபார்க்கிறார்களா என்று கிளினிக்கில் எப்படிக் கேட்பது? இரண்டு மூன்று வாரச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் எடுத்தால் தெளிவு கிடைக்குமா? அடுத்த புதன்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அதுவரை மாத்திரையில் கை வைக்கப்போவதில்லை. மைசூர்பாகை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன்.