முடுக்கத்தின் எதிர்க்குறி வேகம் குறைவதைத்தான் காட்டுகிறதா?

தண்டையார்பேட்டை மாணவி:
பதினோராம் வகுப்பில் நேர்க்கோட்டு இயக்கம் படித்து வருகிறேன். முடுக்கம் எதிர்க்குறியில் வந்தால் பொருளின் வேகம் குறைகிறது என்றே இதுவரை கொண்டிருந்தேன். ஆனால் பயிற்சிக் கணக்கு ஒன்றில் திசைவேகம் (திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம்) −5 மீ/வி, முடுக்கம் −2 மீ/வி² என்று கொடுத்துவிட்டு, பொருளின் வேகம் கூடுகிறது என்று விடை தந்திருக்கிறார்கள். இது எப்படிப் பொருந்தும்?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருவொற்றியூர்:
விடை சரிதான், அம்மா. முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். வேகம் மாறும் வீதம் அன்று. −5 மீ/வி என்பது அடுத்த நொடியில் −7 ஆகும், அதற்கடுத்த நொடியில் −9 ஆகும். குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால் வேகம் ஏறிக்கொண்டே போவது தெரியும்.

நம் பகுதி மெட்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். காலடிப்பேட்டைக்கும் திருவொற்றியூர் தேரடிக்கும் இடைப்பட்ட பாதையை நேர்க்கோடாகக் கொண்டு, வடக்கை நேர்க்குறித் திசை என்று வைத்துக்கொள்வோம். விம்கோ நகர் நோக்கி மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது 20 மீ/வி வேகத்தில் வரும் வண்டி, பிரேக் பிடித்து 25 நொடியில் நிற்கிறது என்றால் அதன் முடுக்கம் −0.8 மீ/வி². அதே நேரத்தில் எதிர்த் தண்டவாளத்தில் வண்ணாரப்பேட்டை நோக்கிப் புறப்படும் வண்டி 25 நொடியில் அதே 20 மீ/வி வேகத்தை எட்டினால், அதன் திசைவேகம் சுழியிலிருந்து −20 மீ/வி ஆகிறது. ஆகவே அதன் முடுக்கமும் −0.8 மீ/வி²தான். ஒன்று நிற்கப் போகிறது, மற்றொன்று விரைகிறது, முடுக்கமோ இரண்டுக்கும் ஒன்றே. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறி பெற்றிருந்தால் வேகம் கூடும், வெவ்வேறு குறி பெற்றிருந்தால் குறையும். முடுக்கத்தின் குறியை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது.

தண்டையார்பேட்டை மாணவி:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது, அதன் முடுக்கமும் சுழி ஆகிவிடுமா?

இயற்பியல் இளங்கலை மாணவன், ராயபுரம்:
ஆகாது, தங்கையே. உச்சியில் திசைவேகம் மட்டுமே சுழி. முடுக்கம் அங்கும் கீழ்நோக்கி 9.8 மீ/வி²தான். முடுக்கமும் சுழி ஆகிவிட்டால் திசைவேகம் மாறுவதற்கு வழியே இல்லாமல் பந்து அந்தரத்திலேயே நின்றுவிட வேண்டியிருக்கும்.

திசைவேக–நேர வரைபடத்தை நீங்களே வரைந்து பாருங்கள். காற்றுத்தடையை விட்டுவிட்டு, 19.6 மீ/வி வேகத்தில் பந்தை எறிந்ததாகக் கொண்டால், கோடு +19.6இல் தொடங்கி, 2ஆம் நொடியில் நேர அச்சை வெட்டி, 4ஆம் நொடியில் −19.6ஐ அடையும். எங்கும் வளையாத ஒரே நேர்க்கோடு அது; அதன் சாய்வுதான் முடுக்கம், அச்சை வெட்டும் இடத்திலும் அது மாறுவதில்லை. கோட்டுக்கும் நேர அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு இடப்பெயர்ச்சியை, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து ஏற்படும் இட மாற்றத்தைத் தரும். அச்சுக்கு மேலுள்ள முக்கோணத்தின் பரப்பு 19.6 மீ., கீழுள்ளது −19.6 மீ. என்பதால் மொத்த இடப்பெயர்ச்சி சுழி. கடந்த தொலைவோ 39.2 மீ.

ஆசிரியர் ஐயாவின் கணக்கோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். v = u + at (u தொடக்கத் திசைவேகம், v இறுதித் திசைவேகம், a முடுக்கம், t நேரம்) முதலிய சமன்பாடுகள் முடுக்கம் மாறாதிருக்கும்போது மட்டுமே பொருந்தும். உண்மையில் வண்டி நிற்கும்போது முடுக்கம் சீராக இருப்பதில்லை, அந்த −0.8 என்பதை 25 நொடிக்கான சராசரி முடுக்கமாகவே கொள்ள வேண்டும்.