மறுமொழி: உயிரினங்களுக்கும் இடம் தரும் கடல் தடுப்பு – 'பாரரண்' சரியா?

அனைவருக்கும் வணக்கம். அலையைத் தடுத்துக்கொண்டே கடல் உயிரினங்களுக்கும் இடம் தரும் கட்டுமானத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். இதுவரை வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'சூழல்நேயக் கடற்சுவர்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, 'சூழல்நேய' இப்போது துணிப்பை முதல் பெயின்ட் டப்பா வரை ஒட்டிக்கிடக்கிறது. அதைப் படித்து ஒரு பொறியாளர் எதைக் கட்டுவார்? இங்கே கேட்பது திட்டமான வேலை. அலையைத் தடுக்க வேண்டும். சிப்பியும் பாசியும் நண்டும் அதிலேயே குடியேறவும் வேண்டும். புதுக் கான்கிரீட்டின் பிஎச் (காரத்தன்மையின் அளவு) 12, 13 வரை போகும். கடல்நீர் 8-ஐ ஒட்டித்தான். கான்கிரீட்டின் முகமும் வழவழப்பு. உயிரினங்கள் ஒட்டுவது கடினம். அதனால்தான் கலவையை மாற்றுகிறார்கள், சொரசொரப்பாக வார்க்கிறார்கள், வற்றத்திலும் (கடல்நீர் இறங்கும் நேரத்திலும்) தண்ணீர் தேங்கும்படி குழி விடுகிறார்கள். சிட்னியில் பழைய கடற்சுவர் மேலேயே இப்படிப்பட்ட பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 1 மீட்டர்தான். குழிகள் அந்தக் குறுகிய பட்டைக்குள் விழாவிட்டால் செலவு வீண்.

> 'உயிரரண்'?

நல்ல சொல். ஆனால் உயிர்வேலி என்றால் வேலியே செடி. அந்த வழக்கப்படி உயிரரண் என்பது அலையாத்திக் காட்டுக்குத்தான் பொருந்தும். அதற்கென்றே எடுத்துவைப்போம்.

என் ஓட்டு 'பாரரண்'. கடலடியில் கல் கிடந்து மீன் அண்டும் இடத்தை மீனவர்கள் 'பார்' என்றுதான் சொல்கிறார்கள். பார் என்றால் உலகமும்தானே என்று கேட்பீர்கள். கடல் பற்றிய கட்டுரையில் யாரும் குழம்பமாட்டார்கள். முதலில் 'பாரணை' என்று வைக்கப் பார்த்தேன். அது ஏகாதசி விரதம் முடித்துச் சாப்பிடுவது, போயிற்று!

எல்லை வரைவதுதான் கஷ்டம். சென்னையில் 1875-இல் துறைமுக வேலை தொடங்கியபின், வடக்கு நோக்கிப் போகும் மணலை அது மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரித்தது, கல் கொட்டினார்கள். அந்தக் கல்லிலும் மட்டி ஒட்டியிருக்கிறது. அலை பின்வாங்கினால் இடுக்கிலிருந்து நண்டு எட்டிப் பார்க்கிறது. அதற்காக அதைப் பாரரண் என்பதா? கூடாது என்பேன். அது தானாக வந்த குடித்தனம். வரைபடத்திலேயே உயிரினங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தால் மட்டும் இந்தப் பெயர். தூத்துக்குடி வான் தீவு கரையாமல் காக்க, துளைகள் வைத்து வார்த்துக் கடலில் இறக்கிய கான்கிரீட் கட்டிகளைத் தயங்காமல் பாரரண் எனலாம். அலை வேகத்தைக் குறைப்பதும் பவளமும் மீனும் பெருக இடம் தருவதும் அவற்றின் நோக்கம்.

கிளைச்சொற்களும் எளிதாக வரும்: வார்த்த கட்டி பார்க்கட்டி, சுவரில் பதிப்பது பார்ப்பலகை, நீர் தேங்குவது தேங்குகுழி. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான 'தூண்டில் வளைவு' செய்தித்தாள்களில் ஊறிப்போன சொல், அதைத் தொட வேண்டாம். தேங்குகுழி வைத்துக் கட்டிய தூண்டில் வளைவைப் 'பார்வளைவு' என்றால் ஒலி இடறுகிறதா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.